அடையாளம் காட்டாமல் வீசிய மூன்று பந்துகள்

புதுச்சேரி
2.5.2025

அன்புள்ள நௌஷின்,

முதலில் மன்னித்துக்கொள். இந்தக் காலத்தில் யாராவது தபாலில் கடிதம் எழுதுவார்களா என்று நீ சிரிப்பாய். உன் எண்ணுக்கு நான் வாட்ஸ்அப்பில் அனுப்பும் எதுவும் ஒற்றை டிக்கைத் தாண்டவில்லை. நீ என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய் என்று புரிந்துகொள்ளவே எனக்குப் பல மாதங்கள் ஆயின. தடுத்தது சரிதான். போனில் பேசினாலும் நான் ‘ம்ம்’ என்பதற்கு மேல் எதுவும் சொல்லியிருக்க மாட்டேன். வீட்டு முகவரி சரியாக நினைவில்லை. அதனால் உன் வாப்பாவின் டிராவல்ஸுக்கு எழுதுகிறேன். அவர் பிரித்துப் படித்துவிட்டால் அவரிடமும் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதியில் கூச்சம் வந்து தாளைக் கிழித்துவிடுவேன். ஏற்கெனவே இரண்டு தாள் போயிற்று.

பிப்ரவரியில் நான் மகளிர் லீக்கில் ஆடினேன். மாநில அணியில் இரண்டு பருவம் ஆடியதைப் பார்த்துவிட்டு ஓர் அணி என்னை ஏலத்தில் எடுத்தது. மூன்று ஆட்டங்களில் நான்கு விக்கெட். ஒப்பந்தத் தாளில் ‘தொழில்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் ‘கிரிக்கெட்’ என்று நானே எழுத வேண்டும். கல்லூரிப் படிவங்களில் தகப்பனார் தொழில் என்ற இடத்தில் ‘மீன்பிடித்தல்’ என்று அழுத்தி எழுதிய கை, அன்றைக்கு அந்த ஒரு சொல்லை எழுதாமல் நின்றது. பக்கத்தில் நின்ற மேலாளர் பேனாவில்தான் கோளாறு என்று நினைத்து வேறு பேனா கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

முதல் விக்கெட் விழுந்தபோது அப்பா கடலில் இருந்தார். படகு வயர்லெஸ்ஸில் யாரோ, “அம்பலவாணண்ணே, ஒங்க பொண்ணு ஒரு விக்கெட்டு எடுத்துட்டா!” என்று கத்தினார்களாம். அப்பா, “சரி, வலைய இழுத்துட்டு வர்றேன், அதுக்குள்ள இன்னொண்ணு எடுக்கச் சொல்லு” என்றாராம். எங்கள் திருவேட்டக்குடியில் இப்போது எல்லாரும் இதைச் சொல்லித்தான் அவரைக் கூப்பிடுகிறார்கள். அம்மா மீன் ஏலக்கூடத்து டிவியில் பார்த்தாள். ஆட்டம் முடிந்து போன் செய்தபோது அவள் கேட்ட முதல் கேள்வி: “ஸ்டம்புக்குப் பின்னாடி நிக்கிறவ யாருடி? நம்ம நௌசினு மாதிரி கத்தவே மாட்டேங்குறா?”

சிக்னல் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

கல்லூரி விளையாட்டு விழாவில் நான் தண்ணீர் கொடுக்க நின்றவள். எல்லைக் கோட்டைத் தாண்டி வந்த பந்தை எடுத்து, கீப்பராக நின்ற உன்னிடம் போட்டேன். தரையில் பட்டு அது வேறு பக்கம் போயிற்று. நீ அதைப் பிடிக்காமல் என்னையே பார்த்தாய். “ஏய், தண்ணி! இன்னொரு தடவ போடு” என்றாய். அடுத்த வாரம் திருவேட்டக்குடிக்கு ஸ்கூட்டியில் வந்து, வலை பிரித்துக்கொண்டிருந்த அப்பாவின் எதிரில் மணலில் உட்கார்ந்துவிட்டாய். “பந்து போட்டா என்னம்மா கெடைக்கும்?” என்று அவர் கேட்டார். “இப்ப ஒண்ணும் கெடைக்காதுப்பா. ஆனா ஒங்க பொண்ணு வாயத் தொறப்பா” என்றாய். நான் உன் கிளப்பில் ஆட அப்பா அதற்குத்தான் சம்மதித்தார்.

இதற்கெல்லாம் ஒருமுறைகூட உன் முகத்தைப் பார்த்து நன்றி சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். நன்றி, நௌஷின்.

வேறொன்றும் சொல்ல இருக்கிறது. அதை இந்தக் கடிதத்தில் எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. நீ பதில் போட்டால் எழுதுவேன்.

அஞ்சுகம்

*

காரைக்கால்
10.5.2025

அஞ்சுகம்,

அஸ்ஸலாமு அலைக்கும். இதற்கும் ‘ம்ம்’ என்றுதானே சொல்வாய்?

உன் கடிதத்தால் எங்கள் கடையில் பெரிய கலவரம். கையால் முகவரி எழுதிய உறையைப் பார்த்ததும் யாரோ டிக்கெட் பணத்துக்காக வழக்குப் போட்டுவிட்டார்கள் என்று வாப்பா நினைத்துவிட்டார். என்னைப் பிரிக்கச் சொல்லிவிட்டுத் தள்ளி நின்றார். உன் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்து, “காஜா நஜ்முதீன் சலாம் சொன்னதா எழுதும்மா, ஷார்ஜாவுல மேட்ச்சுன்னா டிக்கெட் நாமதான் போடணும்னு எழுது” என்றார். எழுதிவிட்டேன். இனிமேல் நான் பேசுகிறேன்.

ஆமாம், தடுத்து வைத்திருக்கிறேன். ஏன் என்று உனக்குத் தெரியாதா? அந்த மாநில அணித் தேர்வுக்குப் பிறகு நான் உனக்கு எத்தனை முறை கூப்பிட்டேன்? எடுத்தால் ‘ம்ம்’. பிறகு எடுப்பதும் இல்லை. மாநில அணிக்குப் போனதும் பெரிய ஆளாகிவிட்டாள், கிளப்பில் கூட ஆடியவள் எதற்கு என்று நினைத்துக்கொண்டேன். வேறு என்ன நினைக்க?

பாண்டியிலிருந்து திரும்பிய பஸ் நினைவிருக்கிறதா? தேர்வானவர்களின் பெயரைப் படித்தார்கள், உன் பெயர் வந்தது, என் பெயர் வரவில்லை. கடலூர் தாண்டி, சிதம்பரம் தாண்டி, சீர்காழி வரைக்கும் அழுதுகொண்டு வந்தேன். நீ ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாய். ஒரு கை எடுத்துத் தோளில் வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

அன்றைக்கு உன் பந்து மூன்று என்னைத் தாண்டிப் போயிற்று. மூன்று! அதில் ஒன்றில் ஸ்டம்பிங். மட்டைக்காரி பாதி மைதானம் வந்து நின்றாள், என் கையில் பந்தே இல்லை. உன் பந்தை இரண்டு வருடம் பிடித்தவள் நான். இருட்டில் போட்டாலும் பிடிப்பேன் என்று எல்லாரிடமும் பீற்றிக்கொண்டவள். அப்புறம் யோசித்து யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஒரு காரணம்தான் கிடைத்தது. கண்.

கண் டாக்டரிடம் போனேன். அவர் எழுத்துகளைப் படிக்கச் சொன்னார், கடைசி வரி வரை படித்தேன். “ஒண்ணுமில்லையேம்மா” என்றார். நான் விடவில்லை. கடைசியில் என் தொல்லை தாங்காமல் இருக்கிறதிலேயே குறைந்த பவரில் ஒரு கண்ணாடி எழுதிக் கொடுத்தார். இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டுதான் கம்ப்யூட்டரில் உம்ரா டிக்கெட் போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்குப் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. கிளவுஸ் கடை மாடியில் பழைய பில் கட்டுகளுக்குக் கீழே கிடக்கிறது.

உன் மூன்று ஆட்டத்தையும் பார்த்தேன். கோபத்தோடு பார்த்தேன், ஆனால் பார்த்தேன். அந்த இரண்டாவது விக்கெட்டில் கத்திவிட்டேன். கடையில் டிக்கெட்டுக்கு உட்கார்ந்திருந்த ஒரு ஹாஜியார் எழுந்து நின்றுவிட்டார்.

சொல்ல வேண்டியது ஏதோ இருக்கிறது என்கிறாயே, சொல். சஸ்பென்ஸ் வைக்கும் அளவுக்கு நீ வளர்ந்துவிட்டாயா?

நௌஷின்

*

புதுச்சேரி
18.5.2025

அன்புள்ள நௌஷின்,

உன் கண்ணுக்கு எந்தக் கோளாறும் இல்லை. இதை முதல் வரியாக எழுத வேண்டும் என்று உன் கடிதம் வந்ததிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன்.

நமக்குள் ஓர் அடையாளம் இருந்தது. தருமபுரம் மைதானத்தில் மேட்டிங் விரிப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது நீதான் அந்த யோசனையைச் சொன்னாய். நான் சாதாரணமாகப் போடுவது லெக் பிரேக், பேட்டரை விட்டு வெளியே திரும்பும். அதே கை வீச்சில் உள்ளே திரும்பும் கூக்லி போடப்போகிறேன் என்றால், ஓடி வருவதற்கு முன்னால் பந்தை இடது தொடையில் துடைப்பேன். உடனே நீ லெக் பக்கம் போகத் தயாராகிவிடுவாய். கிளப் கேப்டனுக்குக்கூட இது தெரியாது. நீ பிடிக்கிற பிடியைப் பார்த்து எதிரணி அசந்து நிற்கும். நாம் தலையைக் குனிந்து சிரித்துக்கொள்வோம்.

தேர்வு அன்று மூன்று தேர்வாளர்கள் பக்கவாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். என் முறை வந்தபோது அவர்களில் ஒருவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இடது தொடையில் துடைத்தால் அவர் கண்டுபிடித்துவிடுவார், ‘இவள் பந்து போடுமுன்னே காட்டிக்கொடுக்கிறாள்’ என்று எழுதிவிடுவார் என்று பயந்தேன். துடைக்காமல் கூக்லி போட்டேன். நீ லெக் பிரேக்குக்காக ஆஃப் பக்கம் போனாய். பந்து மறுபக்கம் எல்லைக்குப் போயிற்று. அப்போது அவர் சொன்னது என் காதில் விழுந்தது. “கீப்பருக்கே புரியல பாருங்க. இந்தப் பொண்ணு பேர எழுதிக்குங்க.”

முதல் பந்து பயத்தில் நடந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் பயத்தில் நடக்கவில்லை. அவர் இன்னொரு முறை அப்படிச் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதனால் துடைக்கவில்லை. ஸ்டம்பிங் தவறியபோது நீ கிளவுஸைக் கழற்றி உன் விரல்களைப் பார்த்தாய். என்னைப் பார்க்கவில்லை. என்மீது சந்தேகமே உனக்கு வரவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே மூன்றாவதைப் போட்டேன்.

பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தது இதனால்தான். சிதம்பரத்தில் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. நீ, “அழுவாத, நீயாவது போறியே” என்று எனக்கே ஆறுதல் சொன்னாய். நான் அழுதது எதற்கு என்று உனக்குத் தெரியாது.

மாநில அணி, லீக், ஒப்பந்தம், எல்லாம் உன் கையைத் தாண்டிப்போன அந்த மூன்று பந்துகளில் தொடங்கியவை. உனக்கு நன்றி சொல்வதற்கு முன் இதைச் சொல்லியிருக்க வேண்டும். வரிசை மாறிவிட்டது.

கண்ணாடியைக் கழற்றிவிடு, நௌஷின்.

அஞ்சுகம்

*

காரைக்கால்
5.6.2025

அஞ்சுகம்,

நாளை மறுநாள் பெருநாள். இந்த நேரத்தில் யாரையும் திட்டக் கூடாது என்று உம்மா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

உன் நன்றியை நீயே வைத்துக்கொள்.

தோற்றிருந்தால் ஒன்றுமில்லை. எத்தனையோ முறை தோற்றிருக்கிறேன். ஆனால் இரண்டு வருடம் என் கையையும் கண்ணையும் நானே நம்பவில்லை. சாலையைக் கடக்கும்போதுகூட இரண்டு முறை பார்த்தேன். ஸ்கூட்டியை விற்றுவிட்டேன், தெரியுமா உனக்கு? கண் சரியில்லாதவள் எதற்கு வண்டி ஓட்ட வேண்டும் என்று.

வாப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அவர் உடனே உன்னை மன்னித்துவிடுவார். அவர் அப்படித்தான். அதனால்தான் சொல்லவில்லை.

நௌஷின்

*

திருவேட்டக்குடி
12.6.2025

அன்புள்ள நௌஷின்,

நீ பதில் எழுத வேண்டியதில்லை. இரண்டு செய்திகளைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

நான்கு நாள் விடுப்பில் ஊருக்கு வந்திருக்கிறேன். மீன்பிடித் தடைக்காலம் முடியப்போகிறது. படகுகளுக்கெல்லாம் சாயம் அடித்து, ஐஸ் ஏற்ற லாரிகள் வந்துவிட்டன. இரண்டு மாதமாகக் கரையில் கிடந்தவர்கள் கடற்கரையில் ஆடிய கிரிக்கெட்டுக்கு நேற்றுதான் இறுதி ஆட்டம். பரிசு கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். மைக்கைக் கொடுத்து நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். ‘எல்லாருக்கும் நன்றி’ என்றேன். அது இரண்டு வார்த்தைதான் என்று கூட்டத்தில் ஒருவன் எண்ணிச் சொன்னான். உன் தெரு வரை வந்தேன். கடைக்குள் வரவில்லை. கண்ணாடிக் கதவு வழியாக நீ யாருக்கோ பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாய். திரும்பிவிட்டேன்.

முதல் செய்தி. அந்த மூன்றாவது பந்து. நீ அதையும் தவறவிட்டதாகத்தான் எழுதியிருக்கிறாய். நான் பந்து போட்ட இடத்திலிருந்து பார்த்தவள். முதல் இரண்டுக்கும் நீ ஆஃப் பக்கம் போனாய். மூன்றாவதுக்கு, பந்து என் கையை விட்ட உடனே உன் இடது கால் லெக் பக்கம் நகர்ந்தது. முழுதாக எட்டவில்லை, ஆனால் சரியான பக்கம் நகர்ந்தது. கிளவுஸ் நுனியில் பட்டுத்தான் பந்து போயிற்று. நான் எந்த அடையாளமும் காட்டவில்லை. அப்படியென்றால் நீ என் மணிக்கட்டைப் பார்த்துக் கண்டுபிடித்தாய். இரண்டே பந்தில். லீக்கில் ஆடும் மட்டைக்காரிகளுக்கு அதற்கு ஓர் ஆட்டம் ஆகிறது. இதை உன்னைச் சமாதானப்படுத்த எழுதவில்லை. நான் பார்த்தேன், அதனால் எழுதுகிறேன்.

இரண்டாவது செய்தி. எங்கள் மாநில அணிப் பயிற்சியாளர் ஞானசௌந்தரி மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்வதற்கு முன் அவர் அறை வாசலில் மூன்று முறை நடந்தேன். அவரே, “உள்ள வா, இல்ல போ. தரை தேயுது” என்றார்.

சொல்லி முடித்ததும், “ரெண்டு வருஷம் கழிச்சு ஏன் இத இப்ப சொல்றே?” என்று கேட்டார்.

“அவ கண்ணாடி போட்டிருக்கா மேடம்.”

“என்ன?”

“அவ கண்ணு நல்லாருக்கு. என்னால கண்ணாடி போட்டிருக்கா.”

“ஒன் எடம் போயிடும்னு பயமில்லையா?”

“இருக்குது மேடம்.”

மேடம் எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு என் எதிரிலேயே அந்தத் தேர்வாளருக்குப் போன் செய்து சொன்னார். தேர்வாளர் சிரித்தது போனுக்கு வெளியே கேட்டது. ஸ்பின் போடுகிறவள் ஏமாற்றத்தானே செய்வாள் என்றார் போலிருக்கிறது. மேடம், “பேட்டர ஏமாத்தணும் சார், கீப்பர இல்ல” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

பிறகு என்னைப் பார்த்து, “அந்தப் பொண்ணு நம்பர எழுதிக் குடுத்துட்டுப் போ” என்றார். ஒரு வாரம் பந்தே கொடுக்கவில்லை, ஓட மட்டும் விட்டார். ஓடினேன்.

அஞ்சுகம்

*

காரைக்கால்
13.7.2025

அஞ்சுகம்,

ஒரு மாதம் எழுதாமல் இருந்தேன். எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். வியாழக்கிழமை நடந்ததை வேறு யாரிடமும் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மாங்கனித் திருவிழா. ஒவ்வொரு வருடமும் நாங்கள் மாடியில் நின்றுதான் பார்ப்போம். பிச்சாண்டவர் சப்பரம் எங்கள் தெரு முனையைத் தாண்டியதும் எல்லா மாடிகளிலிருந்தும் மாம்பழங்களை வீசுவார்கள், கீழே கூட்டம் அள்ளும். குழந்தை வேண்டும் என்று வந்த பெண்கள் முந்தானையை விரித்துக்கொண்டு நிற்பார்கள். இந்த வருடம் உன் கடிதத்தின் மேல் இருந்த கோபத்தில், என் கண்ணை நானே சோதித்துவிடுவது என்று கீழே இறங்கிவிட்டேன். மாடியிலிருந்து உம்மா, “ஏன்டி, பழக்கடையில கூடை கூடையா கெடக்கு, தெருவுல போயி ஏந்துறியே!” என்று கத்தினார்.

முதல் பழம் தோளில் அடித்தது. இரண்டாவது காதோரமாகப் போயிற்று. கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டேன். மூன்றாவது கைக்கு வந்தது. நான்காவதும் வந்தது. அப்போதுதான் கவனித்தேன், நான் மாம்பழத்தைப் பார்க்கவே இல்லை. வீசுகிற கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர் மாடியில் ஒரு கட்டம் போட்ட சட்டைக்காரர், இடது பக்கம் பார்த்துக்கொண்டே வலது பக்கம் வீசுவார். கூட்டம் முழுக்க அவர் பார்த்த பக்கம் ஓடும். நான் அவர் மணிக்கட்டைப் பார்த்து எதிர்ப் பக்கம் போய் நின்றேன். மூன்று முறையும் பழம் எனக்குத்தான். அவருக்கே கோபம் வந்து, “அந்தப் பொண்ணு இன்னும் போகலியா?” என்றார்.

ஏழு பழம் பிடித்தேன். ஆறை முந்தானை விரித்து நின்றவர்களிடம் போட்டுவிட்டேன். ஒருவர் அம்பகரத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்தவர், கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஏழாவதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உம்மா அதை வெட்டிக்கொண்டே சொன்னார்: “கண்ணு தெரியலன்னு ரெண்டு வருஷமா ஒரே ஒப்பாரி. கையில பாத்தா மாம்பழம்.”

அன்று இரவு கண்ணாடியை மேசை இழுப்பறையில் வைத்தேன். காலையில் எடுக்கவில்லை. இன்றைக்கும் எடுக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே, எனக்கே தெரியாது. கோபம் இருக்கிறது, ஆனால் பழைய சூடு இல்லை. நீ சொல்லாமலே இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. உன் இடத்துக்கு ஆபத்து என்று தெரிந்தும் போய்ச் சொல்லியிருக்கிறாய், அதுவும் நீ, கடையில் சில்லறை பாக்கி கேட்கவே வெட்கப்படுகிறவள். அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். என் கண்ணை எனக்குத் திருப்பிக் கொடுத்தாய். கெடுத்ததும் நீதான், அது வேறு.

உங்கள் மேடம் போன் செய்தார். ஆகஸ்ட் மூன்றாம் தேதி மாநில அணித் தேர்வு, கீப்பராக வந்து நில் என்றார். வரவில்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் என்றும் உனக்குச் சொல்கிறேன். நீ ஒரு தப்புச் செய்தாய், அதற்குப் பரிகாரமாக எனக்கு ஓர் இடம் வாங்கித் தரப் பார்க்கிறாய். அப்படி ஓர் இடம் எனக்கு வேண்டாம். நாளைக்கு ஒரு பந்தைத் தவறவிட்டால், ‘பாவம், அஞ்சுகம் சொல்லி வந்தவள்’ என்பார்கள். டிராவல்ஸில் நான் நன்றாகத்தான் இருக்கிறேன். வாப்பா இப்போது என்னிடம் கேட்டுத்தான் எல்லாம் செய்கிறார்.

உன் எண்ணைத் திறந்துவிட்டேன். ஆனால் கூப்பிடாதே. இன்னொரு ‘ம்ம்’ கேட்க எனக்குத் தெம்பு இல்லை. தாளில்தான் உனக்கு வாய் இருக்கிறது. எழுது.

நௌஷின்

*

புதுச்சேரி
20.7.2025

அன்புள்ள நௌஷின்,

உன் கடிதத்தை விடுதிப் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். கட்டம் போட்ட சட்டைக்காரர் வந்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். மேல் படியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், “அஞ்சுகத்துக்குச் சிரிக்கத் தெரியுமா?” என்று கேட்டாள்.

கண்ணாடியை இழுப்பறையில் வைத்ததற்கு நன்றி. வேறு எதை எழுதினாலும் அதற்கு ஈடாகாது.

நீ பரிகாரம் என்கிறாய். இல்லை என்று ஒரு வரியில் எழுதிவிட்டால் நீ நம்ப மாட்டாய். அதனால் இங்கே என் நிலைமை என்ன என்பதை எழுதுகிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை, வீட்டிலும் தெரியாது.

எங்கள் அணியில் கீப்பராக நிற்பவள் பாரதிப்ரியா. அவள் நல்ல மட்டைக்காரி, கீப்பர் இல்லை. முன்பிருந்த கீப்பர் ரயில்வே வேலை கிடைத்துப் போனதும் இவள் கையில் கிளவுஸைக் கொடுத்துவிட்டார்கள். என் லெக் பிரேக்கைப் பிடித்துவிடுவாள். கூக்லி அவளுக்குப் புரியவில்லை. உன் அடையாளத்தைச் சொல்லிக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை. ஆட்டத்துக்கு ஆட்டம் இப்போது வீடியோ எடுக்கிறார்கள், துடைக்கிற தொடையை எதிரணி ஒரே நாளில் கண்டுபிடித்துவிடும். கையைப் பார்த்துப் பிடிக்கிறவள்தான் வேண்டும். சென்ற பருவத்தில் என் கூக்லியில் மட்டும் பதினேழு ரன் கீப்பருக்குப் பின்னால் போயிற்று. இரண்டு ஸ்டம்பிங் தவறியது. ஓர் ஆட்டம் அதிலேயே தோற்றோம். அன்று அவள் குளியலறையில் அழுதாள். வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த அழுகை எனக்குப் பழக்கமானது. அதற்குப் பிறகு கேப்டன் என்னிடம், “மேட்ச்ல கூக்லி வேணாம் அஞ்சு. லெக் பிரேக் மட்டும் போடு” என்று சொல்லிவிட்டாள்.

லீக்கில் நான் இரண்டே கூக்லி போட்டதை நீ கவனித்திருப்பாய். போட்டுப் பழக்கம் விட்டுப்போய்விட்டது, கை கூசுகிறது. மூன்றாவது ஆட்டத்தில் மட்டைக்காரிகள் என்னிடம் ஒரே பந்துதான் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு இறங்கி வந்து அடித்தார்கள். லீக் பயிற்சியாளர் போகும்போது நேராகவே சொன்னார்: அக்டோபரில் மாநில ஆட்டங்களைப் பார்ப்போம், கூக்லி திரும்பி வந்தால் வைத்துக்கொள்வோம், இல்லாவிட்டால் விடுவித்துவிடுவோம். யாரை வைத்துக்கொள்கிறார்கள் என்ற பட்டியல் நவம்பரில் வரும். அப்பா இன்னும் வயர்லெஸ்ஸில் என் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பாரதிப்ரியாவின் இடத்தை யாரும் பறிக்கவில்லை. “எப்ப மேடம் அந்தப் பொண்ணு வரும், இந்த கிளவுஸ அவகிட்ட குடுத்துட்டு நா நிம்மதியா பேட்டிங் பாக்குறேன்” என்று அவளே மேடத்தைக் கேட்கிறாள். தேர்வில் உனக்கு நான் பந்து வீசப் போவதில்லை. நானே மேடத்திடம் கேட்டுக்கொண்டேன். வேறு நான்கு பேர் வீசுவார்கள். உன்னை அவர்கள் எடுத்தால் உன் கைக்காக எடுப்பார்கள். அந்த இடம் உன்னுடையது. என் பெயர் அதில் இருக்காது.

இனிமேல் எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம்.

நான் யாரிடமும் எதுவும் கேட்டுப் பழகாதவள். கல்லூரியில் முதல் மாதம் முழுக்க என் இருக்கையின் ஒரு கால் ஆடியது, மாற்றித் தரக் கேட்கவில்லை. விடுதியில் இன்னும் கொஞ்சம் சோறு என்று கேட்க மாட்டேன், யாராவது வைத்தால் சாப்பிடுவேன். பந்துகூட நான் கேட்டு வாங்கியதில்லை, நீதான் என் கையில் வைத்தாய். கேட்டால் இல்லை என்றுவிடுவார்களோ என்ற பயம்தான். வீட்டில் முதலில் படித்தவள் என்பதால் எல்லாவற்றையும் சத்தமில்லாமல் நானே கண்டுபிடித்துப் பழகிவிட்டேன். கேட்கத் தெரியாததால்தான் அன்று அந்த மூன்று பந்துகளையும் எடுத்துக்கொண்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

மே மாதம் முதல் கடிதத்துக்குத் தாள் எடுத்தபோதே இதைக் கேட்கத்தான் எடுத்தேன். நன்றி சொன்னது பொய்யில்லை. ஆனால் நன்றியின் பின்னால் இது நின்றுகொண்டிருந்தது. முதலில் உண்மையைச் சொல்லாமல் கேட்கக் கூடாது என்று தள்ளி வைத்தேன். சொன்ன பிறகு, உன் கோபம் தணியாமல் கேட்கக் கூடாது என்று தள்ளி வைத்தேன். இன்றைக்குத் தள்ளி வைக்க எதுவும் மிச்சமில்லை. தேர்வுக்கு இன்னும் பதினான்கு நாள் இருக்கிறது.

உனக்கு இடம் வாங்கித் தருவதற்காகக் கூப்பிடவில்லை, நௌஷின். எனக்கு வேண்டும் என்பதற்காகக் கேட்கிறேன். நீ இல்லாமல் என்னால் அந்தப் பந்தைப் போட முடியவில்லை.

மூன்றாம் தேதி வா. தேர்வாகி வந்து, என் பந்துக்கு ஸ்டம்புக்குப் பின்னால் நில்.

அஞ்சுகம்